டம்மி ஒன்று, மாணவிகள் 60: நர்சிங் டியூட்டருக்கு இலவசமாக என்னென்ன கிடைக்கும்?

கேட்டவர், ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும் ஒரு தனியார் நர்சிங் காலேஜில் புதிதாகச் சேர்ந்த டியூட்டர். ஒரு பேட்சில் 60 பேர். செய்முறை பழகும் ஸ்கில் லேபில், நோயாளிக்குப் பதிலாக வைத்துப் பழகும் பொம்மையான டம்மி உருப்படியாக ஒன்றே ஒன்று. வைஃபை பெயருக்கு இருக்கிறது. வகுப்புக்குள் மாணவிகள் போன் கொண்டுவரக் கூடாது. நிர்வாகம் காசு தராது. இந்த நிலையில் காசில்லாமல் பயன்படுத்தக்கூடிய ஆப், இணையதளம், கருவி என்னென்ன என்பதுதான் கேள்வி.

பட்டியல் தருவது சுலபம். நானும் டியூட்டராகச் சேர்ந்த புதிதில் யாரோ அனுப்பிய பட்டியலைப் பார்த்து இருபது ஆப் இறக்கினேன். ஒரே மாதத்தில் போன் நிரம்பியது. பிள்ளைகளுக்கு ட்ரிப்ஸ் கணக்கு அப்போதும் வரவில்லை. அதனால் முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். போன வார்டு போஸ்டிங்கில் உங்கள் பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று ஒரு தாளில் மூன்றே மூன்று எழுதுங்கள். சொட்டுக் கணக்கா, பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்கை அளப்பதா, நோயாளியிடம் பேச்சுக் கொடுப்பதா? அந்த மூன்றுக்கு மட்டும் கருவி தேடினால் போதும்.

புத்தகத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் பஞ்சமே இல்லை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் உடற்கூறு, உடலியங்கியல் புத்தகம் பல வருடமாக இருக்கிறது. 2024-ல் நர்சிங்குக்கென்றே ஒரு வரிசையை வெளியிட்டார்கள்: அடிப்படை நர்சிங், மருந்தியல், மெடிக்கல்-சர்ஜிக்கல், தாய் சேய் நலம், மனநலம் எல்லாம் உண்டு. பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளலாம். இன்னொன்று ஓப்பன் ஆர்.என். விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள சிப்பேவா வேலி டெக்னிக்கல் காலேஜ், அரசு மானியத்தில் எழுதி வெளியிட்ட வரிசை. அமெரிக்க அரசின் இலவச மருத்துவ நூல் தளமான என்.சி.பி.ஐ. புக்‌ஷெல்ஃபில் கிடைக்கும். எழுதியவர்களின் பெயரைக் குறிப்பிட்டால் போதும், வெட்டலாம், ஒட்டலாம், தமிழில் எழுதி அச்சடிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நமக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் இவற்றை அப்படியே மாணவிகள் கையில் கொடுக்க முடியாது.

ஏன் முடியாது என்பதற்கு இன்சுலின் ஒன்று போதும். நம் ஊர் அரசு ஆஸ்பத்திரி வார்டில் பெரும்பாலும் கிடைப்பது 1 மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலின் வயல் (மருந்துக் குப்பி). அதற்கு சிவப்பு மூடி போட்ட யு-40 சிரிஞ்ச். அமெரிக்க வீடியோவில் வருவதோ 1 மில்லியில் 100 யூனிட். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். ஒரு மூன்றாம் வருட மாணவி, நல்ல பெண், யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கற்றதைச் செய்து காட்டும் ரிட்டர்ன் டெமோவில் யு-40 வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை அழகாக இழுத்துக் காட்டினாள். காற்றுக் குமிழி இல்லை, ஊசியில் கை படவில்லை, எல்லாம் சரி. ஆனால் அதில் இருந்தது 0.1 மில்லி, அதாவது 4 யூனிட். இதையே தலைகீழாகச் செய்திருந்தால், 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 வரை இழுத்திருந்தால், 0.25 மில்லி, 25 யூனிட். இரண்டாவதில் சர்க்கரை இறங்கி நோயாளி மயங்கிவிடலாம். வீடியோவில் தவறே இல்லை. அது வேறு நாட்டு வார்டு.

ட்ரிப் செட்டும் இதே கதைதான். 500 மில்லி நார்மல் சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். நம்மிடம் அதிகம் புழங்கும் செட்டில் 1 மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. அமெரிக்கப் புத்தகத்தின் கணக்கில் 15 சொட்டு செட் வந்தால் விடை 31. பிள்ளைகள் விடையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதனால் காலி செட்டின் கவரை வார்டிலிருந்து எடுத்து வந்து, அதில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லி, அப்புறம் கணக்குப் போடச் சொல்லுங்கள். மருந்துப் பெயர்களிலும் கவனம் வேண்டும். நாம் பாராசிட்டமால் என்பதை அவர்கள் அசிட்டமினோஃபென் என்பார்கள். சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால், அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின், பெத்திடின் அங்கே மெபெரிடின். ஒரு பக்க அட்டவணை போட்டு லேப் சுவரில் ஒட்டிவிட்டால் மருந்து விவரம் தரும் மெட்ஸ்கேப் ஆப்பைத் தைரியமாகப் பயன்படுத்தலாம். அந்த ஆப் இலவசம், பதிவு மட்டும் செய்துகொள்ள வேண்டும்.

சொட்டுக் கணக்குப் பயிற்சிக்குத் தனியாக எந்த ஆப்பும் வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் ரேண்ட்பிட்வீன் என்றொரு ஃபார்முலா இருக்கிறது. நாம் சொல்லும் இரண்டு எண்களுக்கு நடுவே ஏதோ ஒரு எண்ணை எடுத்துப் போடும். அளவு ஒரு கட்டத்தில், மணி நேரம் ஒரு கட்டத்தில், செட் 20-ஆ 60-ஆ என்பது இன்னொரு கட்டத்தில். 60 வரி இழுத்தால் 60 பேருக்கு 60 வேறு வேறு கணக்கு, பக்கத்திலேயே விடை. விடை இல்லாத பிரதியை அச்சடித்துக் கத்தரித்துக் கொடுங்கள். பக்கத்தில் எட்டிப் பார்த்துப் பயனில்லை. ஷீட் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எண்கள் மாறிவிடும். அச்சடிக்குமுன் மதிப்பை மட்டும் காப்பி செய்து தனியாக ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விடைத்தாளைத் திருத்தும்போது தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள், எனக்கு நடந்தது.

போன் தடை உள்ள வகுப்புக்கு என்னிடம் ஒரே பரிந்துரைதான்: ப்ளிக்கர்ஸ். டியூட்டர் கையில் மட்டும் ஒரு போன் இருந்தால் போதும். மாணவிகளுக்கு ஆளுக்கொரு காகித அட்டை, கோலம் மாதிரி ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது. நான்கு ஓரத்திலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. தன் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பித் தூக்கிப் பிடிக்க வேண்டும். நீங்கள் போன் கேமராவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காட்டினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையின் கட்டமும் வேறு என்பதால் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துத் தூக்க முடியாது. 40 அட்டை செட், 63 அட்டை செட் இரண்டும் அவர்கள் தளத்திலேயே இருக்கின்றன. இலவசக் கணக்கில் ஒரு செட்டுக்குக் கேள்வி எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பரவாயில்லை, ஒரே மூச்சில் ஐந்து கேள்விக்கு மேல் கேட்பது எப்படியும் வீண். லேமினேட் செய்வதானால் பளபளப்பு இல்லாத தாளில் செய்யுங்கள். வெளிச்சம் பட்டு மின்னினால் கேமரா படிக்காது.

கைதூக்கச் சொன்னால் முதல் பெஞ்ச் நான்கு பேர்தான் தூக்குவார்கள், மற்றவர்களுக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரியவே தெரியாது. இதில் கடைசி பெஞ்சும் விடை சொல்லியாக வேண்டும். பாதிப் பேர் ஏ, பாதிப் பேர் சி என்று வந்தால் உடனே விடையைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவளிடம் வாதாடச் சொல்லி, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிடச் சத்தத்தில்தான் பாடம் நடக்கிறது.

இப்போது டம்மி விஷயம். விலை உயர்ந்த டம்மி இல்லாமல் சொல்லிக்கொடுக்க முடியாது என்று நினைக்கிற பல பாடங்களை பீட்ரூட் வைத்தே சொல்லிக்கொடுக்கலாம், விளையாட்டாகச் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்கைக் கண்ணால் பார்த்து மதிப்பிடச் சொன்னால் பெரும்பாலோர் குறைத்துத்தான் சொல்வார்கள். அதுவும் போக்கு அதிகமாக ஆக, சொல்லும் கணக்கு இன்னும் குறையும். பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை அளந்து வையுங்கள். ஒரு நாப்கினில் 100 மில்லி, கிட்னி ட்ரேயில் துணித் துண்டோடு 250, ட்ரா ஷீட்டில் (கட்டிலில் குறுக்கே விரிக்கும் துணி) 350, தரையில் 500. ஐந்தைந்து பேராக வரச் சொல்லி, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று தன் மதிப்பீட்டைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். பிறகு சமையல் தராசில் நனைந்த துணியை எடை போட்டு, உலர்ந்த துணியின் எடையைக் கழியுங்கள். ஒரு கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லி. ட்ரா ஷீட்டில் இருந்த 350-ஐ என் வகுப்பில் பாதிப் பேர் 150 என்று எழுதியிருந்தார்கள். சுகப்பிரசவத்தில் 500 தாண்டினால் அபாயம் என்று பரீட்சைக்குப் படித்தவர்கள்தான் எல்லோரும். அன்றைக்கு வகுப்பு அமைதியாகிவிட்டது. ஷீட் பழையதாக இருக்கட்டும். பீட்ரூட் கறைக்காக ஹாஸ்டல் வார்டனிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

இதே லேபர் ரூம் பாடத்தோடு உலக சுகாதார நிறுவனத்தின் லேபர் கேர் கைடையும் (பிரசவ முன்னேற்றத்தைக் குறித்துவைக்கும் தாள்) இறக்கிக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் வந்தது, பயிற்சிக் கையேட்டோடு இலவசம். இதன் பழைய வடிவமான பார்ட்டோகிராஃபில் கருப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்ததும் தொடங்கிய பதிவு இதில் 5 சென்டிமீட்டரில் தொடங்கும். உங்கள் ஆஸ்பத்திரியில் பழைய தாளே புழக்கத்தில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். புதிதாகப் பிறந்த குழந்தை பராமரிப்பு, தாய்ப்பால் பற்றிய வீடியோவுக்கு குளோபல் ஹெல்த் மீடியா ப்ராஜெக்ட் நன்றாக இருக்கும். அதில் வருவது நம்முடையதைப் போன்ற சாதாரண வார்டுகள், அதனால் மேலே சொன்ன சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி வகைப் பிரச்சினை குறைவு. இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமலே போடலாம்.

நெட் இல்லாமல் என்றதும் லூமி நினைவுக்கு வருகிறது. எச்5பி என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டித் தரும் செயலி அது. ஒரு கேஸை எழுதி, மாணவி எடுக்கும் முடிவுக்கு ஏற்பக் கதை பிரிந்து போகும்படி செய்யலாம். நான் முதலில் செய்தது இது: சிசேரியன் முடிந்து இரண்டு மணி நேரம் ஆன தாய், பல்ஸ் 118, பி.பி. 100/60, பேட் முழுக்க நனைந்திருக்கிறது, "தலை சுத்துது சிஸ்டர்" என்கிறார். முதலில் என்ன செய்வாய்? பேட் மாற்றுவேன் என்று அழுத்தினால் அடுத்த திரையில் பல்ஸ் 136. கருப்பையைத் தொட்டுப் பார்த்து, கூடவே ஆள் கூப்பிடுவேன் என்றால் வேறு வழியில் கதை போகும். முடித்ததை ஒரே எச்.டி.எம்.எல். ஃபைலாகச் சேமித்து பென்டிரைவில் போட்டால் எந்தப் பழைய கம்ப்யூட்டரிலும் பிரவுசரில் திறக்கும். முதல் கேஸ் எழுத எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று; மூன்றாவது கேஸ் ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. பிரிவுகளைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், மூன்று முடிவு எடுக்கும் இடம் போதும்.

உங்களிடம் ப்ரொஜெக்டர் இருந்தால் இன்ஃபர்மரி இன்டகிரேட்டட் என்ற திறமூல மென்பொருளை ஒரு தடவை பாருங்கள். திரையில் ஐ.சி.யு. மானிட்டர் மாதிரியே ஓடும், இ.சி.ஜி.யையும் பி.பி.யையும் ஆக்சிஜன் அளவையும் நீங்கள் மாற்ற மாற்ற அலை மாறும். அந்த ஒரே டம்மியைக் கட்டிலில் படுக்க வைத்து, பக்கத்தில் இந்தத் திரையை வைத்தால் பாதி சிமுலேஷன் லேப் வந்துவிட்டது. இதய ஒலிக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஒலித் தொகுப்பு இலவசம். ஹெட்போன் போட்டுத்தான் கேட்க வேண்டும், ஸ்பீக்கரில் முர்மர் (இதய இரைச்சல்) கேட்காது. சி.பி.ஆர். பயிற்சிக்கு ஏதாவது ஒரு மெட்ரோனோம் ஆப்பை 110-ல் வைத்துவிட்டால் 100 முதல் 120 என்ற வேகம் கையில் பழகிவிடும். நோயாளியின் நினைவு நிலையை மதிப்பிடும் கிளாஸ்கோ கோமா ஸ்கேலுக்கு அதன் அதிகாரபூர்வத் தளத்திலேயே வீடியோவும் அச்சடிக்கத் தாளும் இருக்கின்றன. 2014-ல் சொற்களைத் திருத்தினார்கள். கண் திறப்பதில் வலிக்கு என்று இருந்தது இப்போது அழுத்தத்துக்கு என்று ஆகிவிட்டது. நம் ரெக்கார்டு நோட்டுகளில் இன்னும் பழைய சொல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாணவிகள் ஹாஸ்டலில் தானாகப் படிப்பதற்கு அங்கி என்ற கேள்வி-பதில் கார்டு ஆப் போதும். ஆண்ட்ராய்டிலும் கம்ப்யூட்டரிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. மறக்கப்போகும் சமயம் பார்த்து அதே கார்டைத் திரும்பக் காட்டும். ஒரு கார்டில் ஒரு விஷயம் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். "மக்னீசியம் சல்பேட் பற்றி எழுதுக" என்று கார்டு போட்டால் யாரும் இரண்டாம் நாள் திறக்க மாட்டார்கள். "அடுத்த டோஸுக்கு முன் என்னென்ன பார்ப்பாய்?" என்று கேளுங்கள்: முழங்கால் ரிஃப்ளெக்ஸ், மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு. "முறிவு மருந்து எது?" என்பது தனிக் கார்டு: கால்சியம் குளுக்கோனேட். கார்டு போடும் வேலையை மாணவிகளிடமே விடுங்கள். இறக்கிக்கொண்ட கார்டைவிடச் சொந்தக் கார்டுதான் நிற்கும்.

சாட்ஜிபிடி, ஜெமினி பற்றிக் கேட்கவில்லை, ஆனால் பிள்ளைகள் எப்படியும் பயன்படுத்திக்கொண்டுதான் இருப்பார்கள். மருந்து அளவு, ட்ரிப்ஸ் கணக்கு இதற்கெல்லாம் அதை நம்பக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தவறையும் அதே தைரியத்தோடுதான் சொல்லும். நான் அதை நோயாளியாக நடிக்கச் சொல்கிறேன். "நீ 58 வயது சர்க்கரை நோயாளி, காலில் புண், கேட்டால் மட்டும் பதில் சொல்" என்று எழுதிவிட்டு ப்ரொஜெக்டரில் போட்டால், வகுப்பே சேர்ந்து ஹிஸ்டரி எடுக்கலாம். ஒரு சிக்கல், அதன் தமிழ். "நான் அசௌகரியமாக உணர்கிறேன்" என்று பேசும். எந்த வார்டில் எந்தப் பாட்டி அப்படிப் பேசினார்?

அதனால் நாங்கள் ஒரு கூகுள் டாக்கில் வார்டு தமிழ் என்று ஒரு பட்டியல் தொடங்கினோம். போஸ்டிங் முடிந்து வரும்போது ஒவ்வொருத்தியும் நோயாளி சொன்ன ஒரு சொல்லைக் கொண்டுவர வேண்டும். கிறுகிறுன்னு வருது, நெஞ்சு படபடங்குது, நீர்க்கடுப்பு, வயித்தால போகுது, கை மதமதன்னு இருக்கு, பனிக்குடம் உடைஞ்சிருச்சு. எதிரே அதன் மருத்துவப் பெயர், அதற்கடுத்து உடனே கேட்க வேண்டிய இரண்டு கேள்வி. கேரளத்திலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு இது உயிர். ஆனால் சென்னைப் பெண்களுக்கே மதமதப்பு என்றால் மரத்துப்போவது என்று தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

ஆராய்ச்சிப் ப்ராஜெக்டுக்கு எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளின் திருட்டுப் பிரதி தேடி அலைய வேண்டாம், ஜமோவி இலவசம், கற்றுக்கொள்ளவும் எளிது. மேற்கோள்களுக்கு ஸோட்டெரோ. கட்டுரைகளுக்கு பப்மெட் சென்ட்ரல். அரசு நர்சிங் காலேஜில் இருக்கும் நண்பர்கள் உங்களுக்கு இருந்தால் 2025-ல் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா என்ற மத்திய அரசின் ஆய்விதழ் திட்டத்தில் அவர்கள் காலேஜ் சேர்ந்துவிட்டதா என்று நூலகரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். தொடங்கியபோது தனியார் காலேஜ்களை அதில் சேர்க்கவில்லை. உங்கள் சொந்தப் படிப்புக்கு மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் இருக்கிறது. பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்குக் கட்டணம்.

போன் தடை பற்றி என் கருத்து: வகுப்பில் இருந்துவிட்டுப் போகட்டும், வார்டில் அதைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். கேஸ் ப்ரெசன்டேஷனுக்காக நோயாளியின் எக்ஸ்ரேயையோ கேஸ் ஷீட்டையோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. உள்நோயாளி (ஐ.பி.) எண்ணும் பெயரும் அப்படியே தெரியும். ஏ.ஐ.-யில் கேஸைப் பதிவேற்றி கேர் பிளான் எழுதச் சொல்வதும் இதே கணக்கில்தான் வரும். பெயர், எண், ஊர், முகம் நான்கும் இல்லாமல் கையால் எழுதி வந்த குறிப்பை மட்டுமே ஏற்பேன் என்று சொல்லிவிடுங்கள்.

ப்ரின்சிபால் மேடத்திடம் கேட்பதென்றால் இரண்டே விஷயம் கேளுங்கள். ஆபீஸில் மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஸ்கில் லேபுக்கு வேண்டும், 63 அட்டை அச்சடிக்க ஆபீஸ் பிரின்டர் ஒரு மணி நேரம் வேண்டும். பீட்ரூட் உங்கள் கணக்கில்.